அரியலூருக்குப் போன வடகம்

நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து மூன்று வருஷம் இணையத்தில் வடகம் விற்றோம். ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெரம்பலூரில் ஒரே வீட்டில் கீழே அவர்கள், மேலே நாங்கள். கல்யாணமாகி வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் இருந்ததில்லை. சண்டையும் கிடையாது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் "சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொள்வோம். எங்களைச் சேர்த்து வைத்தது வெங்காயம்.

சிறுவாச்சூரைத் தாண்டி அக்கா வீட்டுக்குக் கொஞ்சம் கொல்லை, அதாவது மேட்டு நிலம், உண்டு. அந்த வருஷம் முழுக்கச் சின்ன வெங்காயம் போட்டிருந்தார்கள். விளைச்சல் நன்றாக வந்து, விலை படுத்துவிட்டது. வியாபாரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காற்றோட்டமாகப் படல் கட்டிப் பட்டறை போட்டு வைத்திருந்த வெங்காயம், பருவம் தப்பிப் பெய்த மழையில் முளைவிட ஆரம்பித்தது. அக்கா வீட்டுக்காரர் இரண்டு நாள் கொல்லைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அக்கா ஆட்டோவில் இரண்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கீழே நின்றபடி என்னைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, கீழ எறங்கி வா. அழுவுறதுதான் அழுவுறோம், வெங்காயத்த உரிச்சுக்கிட்டாவது அழுவலாம்."

அன்றைக்குத்தான் அவருக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்பதே எனக்குத் தெரிந்தது.

வடகம் போடுவது எப்படி என்று எனக்கு அதுவரை தெரியாது. அக்காதான் ஒவ்வொன்றாகச் சொன்னார். வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மையாக அரைத்துவிட்டால் கெட்டது. பூண்டையும் அப்படியே தட்டிச் சேர்த்து, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு போட்டுப் பிசைந்து ஒரு நாள் மூடி வைக்க வேண்டும். மறுநாள் உருண்டை பிடித்து மொட்டை மாடியில் காயப்போட வேண்டும். சாயங்காலம் அத்தனை உருண்டையையும் உடைத்து, ஊறிய சாற்றிலேயே புரட்டி மறுபடி பிடிக்க வேண்டும். இப்படியே பத்துப் பன்னிரண்டு நாள். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிப் பாட்டிலில் அடுக்கி, மேலேயும் எண்ணெய் ஊற்றி வைத்தால், ஒரு வருஷம் ஆனாலும் ஒன்றும் ஆகாது.

பங்குனி வெயிலில் மாடித் தரை கொதிக்கும். நாங்கள் இருவரும் ஈரச் சாக்கைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து உருட்டுவோம். அக்கா தன் கல்யாணக் கதையைச் சொன்னதும், அதற்கு முன் வேறொரு இடத்தில் நிச்சயமாகி நின்றுபோன கதையைச் சொன்னதும் அந்த மாடியில்தான். என் முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்திருந்தது அவர்தான் என்பதும் அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. என் அம்மா என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

சொந்தக்காரர்களுக்கும் தெருவில் உள்ளவர்களுக்கும் கொடுத்தது போக வடகம் நிறைய மிஞ்சியது. கல்யாணத்துக்கு முன் நான் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவள். ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த கை இது. இணையச் சந்தை ஒன்றில் நாமும் விற்றால் என்ன என்று தோன்றியது. உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜிஎஸ்டி நம்பர், பாட்டிலில் ஒட்ட லேபிள் என்று ஒரு மாதம் அலைந்தோம். லேபிளில் எங்கள் வீட்டு முகவரியும் என் போன் நம்பரும் இருக்க வேண்டும் என்பது விதி. அக்காவுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

"ஏ, நம்ம வூட்டு நம்பரு ஊர் ஊரா போவப்போவுதா!"

முதல் ஆர்டர் பெங்களூரிலிருந்து வந்தது. அக்கா நம்பவில்லை. போனை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த இங்கிலீஷ் எழுத்துக்களை விரலால் தடவிப் பார்த்தார். பாட்டிலைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, பெட்டியின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். கூரியர்க்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பொட்டு வைங்கக்கா, வேணாங்கல. பார்கோடு மேல வச்சுப்புட்டீங்களே. மெஷினு படிக்காது."

நான் ஓடிப்போய் வேறு லேபிள் அச்சடித்து வந்து ஒட்டினேன்.

வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளை நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்வேன். அக்கா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். ஒருவர், தான் வடகத்தைத் தாளித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டதாக எழுதியிருந்தார். அதை அக்கா என்னை மூன்று முறை படிக்கச் சொன்னார். பிறகு கீழே போய்த் தன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். விலை படுத்த வெங்காயத்தால் முகம் கறுத்துப் போயிருந்த மனிதர், அன்று சாயங்காலம் தானாகவே மாடிக்கு வந்து உருண்டை பிடிக்க உட்கார்ந்தார். அவர் பிடித்தவை எல்லாம் எலுமிச்சங்காய் அளவுக்கு, பாட்டிலுக்குள் போகாதபடி இருந்தன.

முதன்முதலாகப் பணம் திரும்பப் போனது ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ. வடக்கே ஏதோ ஒரு ஊர். காரணம் என்ற இடத்தில் 'கெட்ட வாடை அடிக்கிறது' என்று இருந்தது. நான் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"என்னது, வாடையா? வடகம் வாட அடிக்காம மல்லியப்பூவா மணக்கும்?"

"அவங்களுக்குப் பழக்கமில்லக்கா. கெட்டுப்போச்சுன்னு நெனச்சிருப்பாங்க."

"சரி, புடிக்கலன்னா திருப்பி அனுப்பிடச் சொல்லு. நம்ம சாப்புட்டுக்கலாம்."

"திருப்பி வராதுக்கா. சாப்புடுற பொருளுக்குத் திருப்பி அனுப்புறது கெடையாதாம். பணத்த மட்டும் குடுத்துருவாங்க. வடகம் அவங்ககிட்டயே இருக்கும்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு பணத்த?"

"நம்ம பணத்தத்தான்."

அவருக்கு அது விளங்க ரொம்ப நேரம் ஆயிற்று. எனக்கும்தான். வாங்கியவர் ஒரு படம் எடுத்துப் போட்டு, சரியில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். சந்தை எங்களிடம் கேட்காமலே பணத்தைத் திருப்பிவிடும். நாங்கள் மறுப்புத் தெரிவிக்கலாம். மறுப்புக்கு ஒரு நாளில் பதில் வரும். 'உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம்' என்று ஆரம்பித்து, முடியாது என்று முடியும். எந்த மறுப்புக்கும் ஓர் எழுத்து மாறாமல் அதே பதில்தான் வந்தது. இப்படித் திரும்பிப் போவது அதிகமானால் எங்கள் கடை பட்டியலில் கீழே தள்ளப்படும். மேலும் அதிகமானால் கடையையே மூடிவிடுவார்கள்.

நியாயமாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். எங்கள் பாட்டிலின் சிவப்பு மூடி சரியாக இறுகாது. வழியில் எண்ணெய் ஒழுகிப் பெட்டியெல்லாம் நனைந்து போனதாகச் சிலர் படம் அனுப்பினார்கள். அது எங்கள் தவறு. அந்தப் பணம் போனதில் எனக்கு வருத்தமில்லை. திருச்சிக்குப் போய் இறுக்கமான பச்சை மூடி போட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்கி வந்தோம். காலிப் பெட்டிதான் வந்தது என்று சொன்னவர்களை மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மறுப்போடு சேர்த்து அனுப்பலாமே என்று, பொட்டலம் கட்டுவதைப் போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன்.

அதற்கு அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு வருவார். தலை வாரிப் பூ வைத்திருப்பார். பாட்டிலைத் தூக்கி முன்னும் பின்னும் காட்டி, "இந்தா பாத்துக்குங்க, நெறஞ்சிருக்கு" என்று போனைப் பார்த்துச் சொல்வார்.

"பேச வேணாங்க்கா. பாட்டில் தெரிஞ்சா போதும்."

"யாரு பாக்கப்போறாங்கன்னு நமக்கு என்ன தெரியும்? மரியாதையா இருக்கணும்ல."

யாருமே பார்த்திருக்க மாட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வீடியோக்களில் சில இன்னும் என் பழைய போனில் இருக்கின்றன. அவற்றை அழிக்க மனம் வரவில்லை.

இரண்டாவது வருஷத்தில்தான் அரியலூர் விஷயம் என் கண்ணில் பட்டது. அரியலூரிலிருந்து ஒருவர் மாதம் தவறாமல் இரண்டு பாட்டில் வாங்குவார். மாதம் தவறாமல் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். முதல் தடவை எண்ணெய் ஒழுகியிருந்தது. படத்தில் தெளிவாகவே தெரிந்தது. அடுத்த மாதங்களிலும் எண்ணெய் ஒழுகியதாகவே எழுதியிருந்தார். நான் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே படம். நீலக் கரை போட்ட, ஓரம் சில்லு பெயர்ந்த ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. அதன்மேல் எண்ணெய் வழியும் எங்கள் பாட்டில், சிவப்பு மூடியோடு. நாங்கள் பச்சை மூடிக்கு மாறியே மாதக்கணக்காகியிருந்தது.

இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி மறுப்பு அனுப்பினேன். பச்சை மூடி தெரியும் வீடியோவையும் சேர்த்தேன். உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம் என்று பதில் வந்தது.

அக்கா அன்றைக்குச் சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்.

"அரியலூருதான? பஸ்ல ஏறுனா ஒரு மணி நேரம். போயிட்டு வந்துருவமா?"

"வேணாங்க்கா. வாங்குறவங்கள நேர்ல போயிப் பாக்கக்கூடாதுன்னு விதி இருக்கு. பார்சல் அனுப்பத்தான் அட்ரஸ் குடுக்கறாங்க."

"சண்ட போடவா போறோம்? மாசாமாசம் எதுக்கு இப்புடிப் பண்றீங்கன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருவோம். எனக்கு அந்த மூஞ்சியப் பாக்கணும் புள்ள."

எனக்கும் பார்க்க வேண்டும்போல்தான் இருந்தது. அதனால்தான் கிளம்பினேன். அக்கா இழுத்துக்கொண்டு போனார் என்று பின்னால் வீட்டில் சொன்னேன். அது முழு உண்மை இல்லை.

சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பஸ் அரியலூர் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி. வழியெல்லாம் அக்கா என்ன கேட்பது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு தெரு. சுண்ணாம்புத் தூசி படிந்த முருங்கை மரம் வாசலில் நின்ற சின்ன ஓட்டு வீடு. கதவைத் தட்டியதும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மாள் வந்தார். கையில் கரண்டி.

"யாரும்மா?"

"நாங்க பெரம்பலூருங்க. இந்த வடகம்..." என்று அக்கா குரலை உயர்த்தி ஆரம்பித்தார்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "வடகமா? பெரம்பலூர் வடகமா? நீங்களா செய்றது? ஏங்க, இங்க வாங்க, யாரு வந்துருக்காங்கன்னு பாருங்க! உள்ள வாங்கம்மா, வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்க."

எங்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்விட்டார். உள்ளிருந்து அவர் வீட்டுக்காரர் வந்தார். சிமெண்ட் ஆலையில் லாரி எடை போடும் மேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாத மனிதர். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். அடுப்பில் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதில் தாளித்திருந்தது எங்கள் வடகம். வாசலிலேயே எனக்கு அந்த வாசனை தெரிந்துவிட்டது.

"சென்னைல இருக்கிற எம் புள்ள அனுப்புறான். கம்ப்யூட்டர் வேல. வருசத்துக்கு ஒருக்கா வந்தாலே பெருசு. போன் பேசக்கூட நேரமில்ல அவனுக்கு. ஆனா மாசாமாசம் இந்த வடகம் மட்டும் டாண்ணு வந்துரும். வேற எத மறந்தாலும் எனக்கு வடகம் புடிக்குங்கிறத மறக்க மாட்டேங்கிறான் பாருங்க" என்றார் அந்த அம்மாள்.

அக்கா என்னைப் பார்த்தார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த ஒரு வார்த்தையும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று இலை போட்டுவிட்டார்கள். சோறும் வத்தக்குழம்பும் வந்தன. அப்பளத்தைப் பொரித்து ஒரு தட்டில் அடுக்கி நடுவில் வைத்தார். நீலக் கரை போட்ட, ஓரம் சில்லு பெயர்ந்த வெள்ளைத் தட்டு. நான் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தோ என்னவோ, அந்த ஐயா பேசினார்.

"மொத தடவ வந்தப்ப எண்ணெ ஒழுவிப் போச்சும்மா. இந்தத் தட்டுல வச்சுப் போட்டோ புடிச்சுப் பையனுக்கு அனுப்புனேன். தப்பா நெனச்சுக்காதீங்க. அதுக்கப்புறம் ஒரு கொறையும் இல்ல. மூடி மாத்திட்டீங்க போல, நல்லாருக்கு."

எல்லாம் அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அன்றைக்கு அப்பா அனுப்பிய ஒரு படத்தை வைத்துக்கொண்டு மகன் மாதாமாதம் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறான். இவர்களுக்கு எதுவும் தெரியாது.

"எங்க இவ்வளவு தூரம்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஒரு வேலையா இந்தப் பக்கம் வந்தோம். அட்ரஸ் இருந்துச்சு, அப்புடியே பாத்துட்டுப் போவலாம்னு..." என்றார் அக்கா.

கிளம்பும்போது முருங்கைக்காய் பறித்துக் கட்டிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அக்கா அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பெரம்பலூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சொன்னார்.

"எப்புடிப் புள்ள சொல்றது? அது புள்ள அனுப்புறான்னு திங்குது."

போகட்டும், மாதம் இரண்டு பாட்டில்தானே என்று முடிவு செய்துகொண்டோம். ஆனால் விஷயம் அங்கே நிற்கவில்லை. அந்த அம்மாள் சந்தோஷத்தில் மகனுக்குப் போன் போட்டு, வடகம் செய்கிறவர்கள் வீட்டுக்கே வந்து சாப்பிட்டுப் போனார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவன் பயந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் சந்தையிலிருந்து எங்களுக்கு ஒரு செய்தி வந்தது. வாங்கியவரின் வீட்டுக்கு நேரில் சென்றதாகப் புகார் வந்திருக்கிறது, அது விதிமீறல், ஆகவே உங்கள் கடை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று.

புகாரில் பொய் ஒன்றும் இல்லை. போனோம்தான். முகவரியை நம்பிக் கொடுத்தவர் வீட்டுக்கு நாங்கள் போயிருக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது, அக்காதான் இழுத்துக்கொண்டு போனார் என்றேன். மாடியில் அந்தப் பருவத்து வடகம் முழுக்கக் காய்ந்து கிடந்தது. அக்கா அதைக் கூட்டி அள்ளிக்கொண்டே, "நான்தான் ஒன்னயக் கெடுத்தேன்" என்றார். நான் மறுத்தேன். இருவரும் அன்றைக்கு மாடியிலேயே அழுதோம். வெங்காயம் எதுவும் உரிக்கவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் கடை மூடியே இருந்தது. ஒரு நாள் காலை, லேபிளில் இருந்த முகவரியை விசாரித்துக்கொண்டு அந்த ஐயா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மடித்த துணிப்பை ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"இந்த மாசம் வடகம் வரலம்மா. பையனக் கேட்டா அந்தக் கடையே இப்ப இல்லங்கிறான். வூட்ல ஒரே பொலம்பல். அதான் நேர்ல வாங்கிக்கிட்டுப் போவலாம்னு வந்தேன். ஏன் கடைய நிறுத்திட்டீங்க?"

நான் ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தேன். அக்கா என்னைத் தடுத்தார்.

"அந்தம்மாகிட்ட சொல்ல முடியல ஐயா. ஒங்ககிட்ட சொல்லாம இருக்க முடியாது." எல்லாவற்றையும் சொன்னார். கோபமில்லாமல், ஆரம்பத்திலிருந்து. நான் போனில் படங்களைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். "ஏந் தட்டுதான்" என்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டு, "நான் எடமேடையில முப்பது வருசம் உக்காந்தவம்மா. எத்தன பேரு எப்புடியெல்லாம் கேட்டாங்க. ஒரு லாரிக்குக்கூட எடைய மாத்தி எழுதுனதில்ல" என்றார்.

பிறகு அங்கேயே மகனுக்குப் போன் போட்டார். காது சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எழுந்து போகலாமா என்று நாங்கள் பார்த்தோம். அவர் உட்காருங்கள் என்று கையைக் காட்டினார்.

மகன் முதலில் தெரியாது என்றான். பிறகு எல்லாரும் செய்வதுதான் என்றான். "அப்பா, அது கம்பெனி காசுப்பா. எவ்வளவு பெரிய கம்பெனி தெரியுமா? இதெல்லாம் அவங்களுக்கு ஒரு கணக்கே இல்ல. யாருக்கும் ஒண்ணும் நஷ்டமில்லப்பா."

"நீ சொல்ற கம்பெனி இப்ப என் எதிர்லதாண்டா உக்காந்துருக்கு. ரெண்டு பொம்பளைங்க. அன்னைக்கி நம்ம வூட்டுக்கு வந்தப்ப ஒன்னயப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. ஒங்கம்மா மனசு நோவும்னு குழம்ப ஊத்திச் சாப்புட்டுட்டுப் போயிட்டாங்க."

மகன் குரலை இறக்கி, "அவங்கதான் செய்றாங்கன்னு எனக்குத் தெரியாதுப்பா" என்றான். அது உண்மையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சில வருஷம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்த எனக்கே, திரையில் தெரியும் ஒரு கடைக்குப் பின்னால் மொட்டை மாடியும் ஈரச் சாக்கும் இருக்கும் என்று அதற்கு முன் தோன்றியதில்லை.

"எழுதிக் குடுத்த புகாரத் திருப்பி வாங்கு. இன்னைக்கே" என்று சொல்லிவிட்டு ஐயா போனை வைத்தார்.

அவன் எழுதினான் என்றுதான் நினைக்கிறேன். நானும் செய்த தவறை ஒப்புக்கொண்டு, இனி யார் வீட்டுக்கும் போக மாட்டோம் என்று எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துக் கடை திறந்தது. காரணம் ஏதும் சொல்லவில்லை. வழக்கமான அந்தப் பதில்கூட வரவில்லை.

அன்று ஐயா கிளம்பும்போது இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டார். துணிப்பையில் போடப்போனவர் நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இத... பார்சல்ல வர்ற மாதிரி அந்தப் பொட்டியிலயே போட்டுத் தர முடியுமாம்மா? நான் இங்க வந்தது அவளுக்குத் தெரியாது. அவ கேட்டா புள்ள அனுப்புனதா இருக்கட்டும்."

அக்கா பெட்டியை எடுத்து, பாட்டிலைச் சுற்றி வைக்கும் காகிதத்தையெல்லாம் முறையாக வைத்து, மூன்று பக்கமும் டேப் ஒட்டினார். முகவரிச் சீட்டு ஒன்றை நான் அச்சடித்துக் கொடுத்தேன். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஐயா பஸ்ஸில் வருவார். பெட்டியோடு போவார். அதற்குப் பின் ஒரு தடவைகூட அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. மகன் ஒரு முறை எனக்குப் போன் செய்தான். மன்னிப்புக் கேட்டான். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன்.

கடை திறந்தாலும் பழையபடி ஓடவில்லை. பட்டியலில் எங்கோ அடியில் கிடந்தோம். தேடி வருகிற பழைய ஆட்கள் மட்டும் வாங்கினார்கள். ஒரு வருஷம் அப்படி ஓடியது. பிறகு அக்காவின் மகளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்து, அக்காவும் வீட்டுக்காரரும் கூடவே போய்விட்டார்கள். கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். நான் தனியாக ஒரு தடவை வடகம் போட்டுப் பார்த்தேன். வடகம் நன்றாகத்தான் வந்தது. எதிரே உட்கார்ந்து பேச ஆள் இல்லை. அந்தப் பங்குனியோடு கடையை நானே மூடிவிட்டேன். கீழ் வீட்டில் இப்போது வேறு ஒரு குடும்பம் குடியிருக்கிறது. நல்ல மாதிரிதான். படியில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொள்கிறோம்.

அரியலூர் ஐயாவுக்கு விஷயத்தைப் போனில் சொன்னபோது, "அதனாலென்னம்மா" என்றார். பையன் இப்போது மாதம் ஒரு முறை நேரிலேயே வந்துவிடுகிறானாம். வடகத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அக்கா சிறுவாச்சூர் கோயிலுக்கு வந்துவிட்டு, அப்படியே என் வீட்டுக்கும் வந்தார். திருச்சியில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்களாம். துணி காயப்போடவே சாவி கேட்க வேண்டுமாம். இருவரும் மேலே போய்த் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொண்டோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி அரியலூருக்கு வந்தது. நான் அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லிக் கொஞ்சம் கண் கலங்கிவிட்டேன். அக்கா என் முழங்காலில் தட்டினார்.

"ஒண்ணு சொல்லட்டா? அன்னைக்கி அந்தம்மா வச்ச வத்தக்குழம்புல உப்பு தூக்கல். வடகத்துலயே உப்பு இருக்குங்கிறத மறந்துட்டு மேல அள்ளிப் போட்டுருக்கு."

"நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"எப்புடிச் சொல்றது? அது ஆசையா பாத்துக்கிட்டே நிக்குது."

நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு அந்த வீட்டில் மூன்றாவது தடவையும் சோறு கேட்டு, குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவர் அக்காதான்.